வங்கிக்குள்ளும் ஒரு செக்ரோல் இருக்கிறது!



கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் அரைக் கிலோ கீழே நின்றால் நாம் சும்மா இருப்பதில்லை. "என்னங்க கிராணி, கூடை நெறைய இருக்கு, முள்ளு ஏறலையே" என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுகிறோம். சம்பளச் சீட்டில் ஒரு நாள் பேர் விடுபட்டிருந்தால், அன்று மாலையே ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் கூடிவிடுகிறோம். கேட்காமல் இருந்து இருந்து நம் பாட்டன் பூட்டன் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆகவேதான் கேட்கப் பழகிக்கொண்டோம்.

ஆனால் அதே சம்பளம் வங்கிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கே வெட்டப்படுகிற காசைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? இந்தக் கேள்வியைத்தான் இன்று இந்தப் பகுதியில் எழுப்ப விரும்புகிறோம்.

சில மாதங்களுக்கு முன்பு, தானா ராத்தா வட்டாரத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா நம்மைத் தேடி வந்தார். கணவரை இழந்தவர். மகன் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். உட்கார்ந்தவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"தம்பி, நான் எடுக்காமலே பேங்குல காசு கொறையுது. கார்டு பையன்கிட்டதான் இருக்கும். அவன்தான் எடுத்துட்டான்னு நெனச்சு அடிச்சிட்டேன். அவன் இல்லவே இல்லைன்னு அழுவுறான். எனக்கு மனசே சரியில்ல. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஓராண்டுக் கணக்கு அறிக்கையை வங்கியிலிருந்து வாங்கிவரச் சொல்லி, ஓர் இரவு அவர் வீட்டு மேசையில் வைத்து வரி வரியாகப் பார்த்தோம். அறிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மகன்தான் படித்தான், நாம் எழுதினோம். கணக்கு இப்படி வந்தது.

சம்பளக் கணக்கு ஒரு வங்கியில். ஆனால் பையன் பணம் எடுப்பது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உள்ள வேறொரு வங்கியின் இயந்திரத்தில். வேறு வங்கி இயந்திரத்தில் எடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் 1 வெள்ளி கட்டணம். வீட்டில் காசு வைக்கப் பயந்துகொண்டு அக்கா 20, 30 என்று சிறுகச் சிறுக எடுக்கச் சொல்வார். மாதத்துக்கு 6 தடவை என்றால், வருடத்துக்கு 72 வெள்ளி. கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 8 வெள்ளி. முன்பு வேலை செய்த தோட்டத்தில் திறந்த பழைய சேமிப்புக் கணக்கு ஒன்றும் இருந்தது. "நடமாட்டம் இல்லாத கணக்கு" என்று அதிலிருந்து ஒரு 10 வெள்ளி பிடிக்கப்பட்டிருந்தது. ஆகமொத்தம் 90 வெள்ளி.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். அப்படியானால் அந்த அக்கா வருடத்தில் ஒரு நாள் முழுக்கவும், இரண்டாம் நாள் காலைத் தேநீர் நேரம் வரையும் பனியில் நின்று கொழுந்து எடுத்தது இந்தக் கட்டணங்களுக்காகத்தான்! பையன் ஒரு காசு எடுக்கவில்லை.

இதில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் இது எப்படி நேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

சம்பள மேசை இடம் மாறிவிட்டது

கங்காணி காலத்தில் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பாதி போய்விடும். கப்பல் செலவு, கடைப் பற்று, முன்பணம், கங்காணிக்கு உரியது என்று பிடித்தம் போக மிச்சம் என்ன என்பது தொழிலாளிக்கே தெரியாது. அந்தக் கொடுமைக்கு எதிராகத்தான் சட்டங்கள் வந்தன. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சட்டம் அனுமதிக்கிற பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்கிறது. சேமநிதி, சொக்சோ, முன்பணம் போன்றவை அந்த அனுமதிக்குள் வருபவை. சங்கச் சந்தா போன்றவற்றுக்குத் தொழிலாளி எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் பிடிக்கும் மொத்தத் தொகை, பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

அன்று சம்பள மேசை நம் கண்முன்னே இருந்தது. கிராணி எண்ணிக் கொடுப்பார். நாமும் எண்ணி வாங்குவோம். தகராறு இருந்தால் அங்கேயே தீரும். இன்று அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி சம்பளம் தொழிலாளியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது. இது நல்ல ஏற்பாடுதான். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மேசை இடம் மாறியபோது நம் கண் அதன் கூடவே போகவில்லை. தோட்ட நிர்வாகம் 1 வெள்ளி பிடித்தால் சட்டம் பேசுகிற நாம், வங்கி 10 வெள்ளி பிடித்தால், "பேங்குக்காரன் தப்புப் பண்ணுவானா?" என்று விட்டுவிடுகிறோம். தோழர்களே, வங்கிக்குள்ளும் ஒரு செக்ரோல் இருக்கிறது. அதையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

எது திரும்பி வரும், எது வராது?

நாமாக ஆசை காட்டி யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. பிடித்த காசு எல்லாமே திரும்பி வராது. மூன்று வகை உண்டு.

முதல் வகை, தவறாகப் பிடித்தது. இது உரிமை. கேட்டு வாங்கலாம். அந்த அக்காவின் 10 வெள்ளி இப்படிப்பட்டது. ஒரு சேமிப்புக் கணக்கில் ஓராண்டு காலம் நாம் பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்தால்தான் அதை நடமாட்டம் இல்லாத கணக்கு என்று வைத்து ஆண்டுக்கு 10 வெள்ளி பிடிப்பார்கள். அக்காவோ அந்த வருடத் தீபாவளிக்கு முன்பு அதில் 50 வெள்ளி போட்டிருந்தார். போட்ட ரசீது, அடையாளக் கார்டு வைக்கிற பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தது! அந்த ஒரு துண்டுச் சீட்டுத்தான் அவருக்காகச் சாட்சி சொன்னது. வங்கிக் குமாஸ்தா அதைப் பார்த்தார், உள்ளே போய்க் கேட்டார், 10 வெள்ளியைத் திரும்பக் கணக்கில் வரவு வைத்துவிட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டாவது வகை, விதிப்படி பிடித்ததுதான், ஆனால் நாம் கஷ்டத்தில் இருக்கும்போது பிடித்தது. தவணை தாமதமானதற்குப் போடுகிற அபராதம் இதில் சேரும். இது உரிமை அல்ல, வேண்டுகோள். நோய், வேலை விபத்து, வீட்டில் சாவு, மண்சரிவில் வேலை நின்றது என்று காரணத்தைக் காட்டி எழுதிக் கேட்டால், அபராதத்தை நீக்குவதற்கும் தவணையைக் குறைப்பதற்கும் வங்கிக்கு அதிகாரம் உண்டு. கேட்காதவருக்கு அது கிடைக்காது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

மூன்றாவது வகை, சரியாகப் பிடித்தது, ஆனால் நாம் தவிர்த்திருக்கக் கூடியது. அக்காவின் 72 வெள்ளி இதுதான். அது திரும்பி வரவில்லை. இந்த 1 வெள்ளிக் கட்டணத்தை நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில் நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் மறுபடி கொண்டுவந்துவிட்டார்கள். நிறுத்தியது தெரிந்த பலருக்குத் திரும்பி வந்தது தெரியவில்லை. சொந்த வங்கியின் இயந்திரத்துக்கு நூறு அடி கூட நடந்தால் அந்த வெள்ளி நம் வெள்ளி.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறைந்த வருமானக்காரர்களுக்காக "அடிப்படைச் சேமிப்புக் கணக்கு" என்று ஒன்றை வங்கிகள் கொடுக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா 2005-ஆம் ஆண்டிலேயே ஏற்பாடு செய்தது. 20 வெள்ளி இருந்தால் திறக்கலாம். சொந்த வங்கியின் இயந்திரத்தில் மாதம் 8 தடவையும், கவுண்டரில் 6 தடவையும் கட்டணமில்லாமல் காரியம் பார்க்கலாம். மலாயில் "அக்காவுன் சிம்பானான் அசாஸ்" என்று கேட்டால் தெரியும். இருபது ஆண்டாக இருக்கிற இந்த வசதியைக் கேட்டு வாங்கிய தோட்டத் தொழிலாளர்கள் நம் வட்டாரத்தில் மிகச் சிலரே. இதைச் சொல்லிக் கொடுக்காத குற்றத்தில் சங்கத்துக்காரர்களாகிய நமக்கும் பங்குண்டு. "பத்து வெள்ளிதானே, விடுங்க" என்று நாமே சொல்லி அனுப்பியிருக்கிறோம். அதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கேட்டதனால் கிடைத்ததா?

"நம்ம மாதிரி ஆளுங்க கேட்டா பேங்கு குடுத்துருமா?" என்று சிலர் கேட்கக் கூடும். நம் நாட்டிலேயே அண்மையில் நடந்ததைச் சொல்கிறோம்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்துக்குக் கடன் தவணை ஒத்திவைக்கப்பட்டது. மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் மோட்டார் சைக்கிள், கார் போன்ற வாடகைக் கொள்முதல் கடனுக்கு ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி கூடும் என்று ஏப்ரல் கடைசியில் செய்தி வந்தது. நாடு முழுவதும் ஜனங்கள் கேள்வி கேட்டார்கள். பயனீட்டாளர்கள் கேட்டார்கள், பத்திரிகைகள் கேட்டன. மே மாதம் முதல் வாரத்திலேயே நிதியமைச்சர் தெங்கு ஸப்ருல், அந்தக் கடன்களுக்கு வங்கிகள் கூடுதல் வட்டி போடமாட்டா என்று அறிவித்தார். கேட்டதனால்தான் கிடைத்தது!

வெளியே பார்ப்போம். இந்தியாவில் ஸ்டேட் பேங்க், கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாதவர்களிடம் அபராதம் வாங்கும் வழக்கத்தை 2017 ஏப்ரலில் மறுபடி தொடங்கியது. எட்டே மாதத்தில் வசூலானது 1,771 கோடி ரூபாய்! இருப்பவனிடம் அல்ல, இல்லாதவனிடம் வாங்கிய காசு அது. எதிர்ப்பு எழுந்தது. கட்டணத்தைக் குறைத்தார்கள். 2020 மார்ச்சில் அடியோடு கைவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே உதவித்தொகை வாங்கும் ஏழைகள், சிறப்பாக ஒதுக்குப்புறங்களில் வாழும் பூர்வகுடி மக்கள், குறைந்த கட்டணக் கணக்குக்குத் தகுதி இருந்தும் கூடுதல் கட்டணக் கணக்குகளில் கிடந்தார்கள். யாரும் அவர்களுக்கு மாற்றிக் கொடுக்கவில்லை. அரசாங்கக் கண்காணிப்பு ஆணையம் தலையிட்ட பிறகு, நான்கு வங்கிகள் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தர ஒப்புக்கொண்டன என்று 2024-இல் அது அறிவித்தது.

எல்லா இடத்திலும் வெற்றிதான் என்றும் சொல்ல மாட்டோம். பிரிட்டனில் ஆயிரக்கணக்கானோர் கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்ததற்குப் போட்ட அபராதங்களைத் திரும்பக் கேட்டு வழக்குக்குப் போனார்கள். 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு வாசல் திறந்தே இருந்தது. மெய்யாகவே பணக் கஷ்டத்தில் இருப்பவர்கள் தங்கள் நிலைமையைச் சொல்லிக் கேட்டால் வங்கி அனுதாபத்தோடு கவனிக்க வேண்டும் என்ற நடைமுறை அது. வழக்கில் தோற்ற இடத்திலும் வேண்டுகோள் வேலை செய்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

வங்கிக்குப் போக ஒரு நாள் பேர் போகுமே என்பது நம் ஆட்களின் பெரிய தடை. 10 வெள்ளி கேட்கப் போய் 65 வெள்ளியை இழப்பதா? நியாயமான கேள்வி. வேலை முடிந்து மலையிலிருந்து இறங்குவதற்குள் கவுண்டர் மூடிவிடுகிறது. ஞாயிறு விடுமுறை. ஆகவே வழி இப்படி இருக்கட்டும்.

வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்கு அறிக்கையை எடுங்கள். படிக்கிற பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். "சாஜ்", "பீ", "யுரான்" என்று எழுதிய ஒவ்வொரு வரியையும் கோடு போடுங்கள். எதற்கென்று தெரியாத வரி இருந்தால் அதுதான் நம் கேள்வி.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். கணக்கு எண், தேதி, தொகை, ஏன் தவறு அல்லது என்ன கஷ்டம் என்று நாலு வரி மலாயில் எழுதினால் போதும். எழுதத் தெரியாவிட்டால் சங்கக் கிளைச் செயலாளர் எழுதித் தருவார். ரசீது, மருத்துவச் சீட்டு, சம்பளச் சீட்டு இவற்றின் நகலை வையுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பிரதியில் வங்கியின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு ஒரே குறை என்றால் பத்துக் கடிதங்களும் ஒன்றாகவே போகட்டும்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள். வங்கி முடிவாக மறுத்து, அது தவறு என்று நமக்குத் தோன்றினால், 2025 ஜனவரி முதல் செயல்படும் எப்.எம்.ஓ.எஸ். என்ற நிதித்துறைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். முன்பு ஓ.எப்.எஸ். என்றிருந்ததன் தொடர்ச்சி அது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். வங்கியின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஆனால் ஒன்று: கட்டணம் அதிகம் என்ற வழக்கை அங்கே எடுக்கமாட்டார்கள். தவறாகப் பிடித்தார்கள் என்றால்தான் எடுப்பார்கள்.

கடன் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறிய பிறகு ஒளிந்துகொள்ளாமல் தவறும் முன்பே வங்கிக்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிலையம் இலவசமாக நம் கடன்களைப் பார்த்து, வங்கிகளோடு பேசி, கட்டக் கூடிய தவணை ஒன்றை ஏற்பாடு செய்து தருகிறது. மோட்டார் சைக்கிளை இழுத்துக்கொண்டு போவதற்கும் சட்டம் உண்டு. பொதுவாக இரண்டு தவணை தொடர்ந்து தவறி, 21 நாள் அறிவிப்புக் கொடுத்த பிறகுதான் கைவைக்க முடியும். அந்த 21 நாள் அழுவதற்கல்ல, பேசுவதற்கு.

ஊர் மாறியவர்கள், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குப் போனவர்கள், பழைய கணக்குகளைத் தேடிப் பாருங்கள். வங்கி அனுப்பும் கடிதம் பழைய தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கே பெட்டியில் கிடந்து மக்கிப்போகும். ஆண்டுக்கு 10 வெள்ளியாகக் கரைந்து, கடைசியில் கணக்கையே மூடிவிடுவார்கள். கூடுதல் பணம் உள்ள கணக்காக இருந்தால், சட்டம் சொல்லும் காலம் கடந்ததும் பணம் கோரப்படாத பணமாக அரசாங்கப் பதிவாளரிடம் போய்ச் சேரும். அங்கிருந்தும் கேட்டு வாங்கலாம். இறந்துபோனவர் பணத்தை வாரிசுகளும் கேட்கலாம். அப்பா அம்மா பெயரில் பழைய சேமிப்புப் புத்தகம் பெட்டிக்குள் கிடந்தால், அதைப் பழைய காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள்.

கடைசியாக, இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறோம். வட்டிக்காரனிடமும் கடைக்காரனிடமும் ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் அடகாகக் கொடுக்கும் பழக்கம் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. சம்பளம் விழுந்த அன்றைக்கே அவன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறான். இது கங்காணி காலத்துப் பிடித்தம் அல்லாமல் வேறென்ன? எந்தச் சட்டத்தைப் போட்டு நம் முன்னோர் அதை ஒழித்தார்களோ, அதை நாமே கையில் கொடுத்து வரவழைக்கிறோம். எண்ணை நாமாகக் கொடுத்துவிட்டால் போன காசுக்கு வங்கியிடமும் வாய் திறக்க முடியாது.

சிலருக்கு நம் வேண்டுகோள்

தோட்ட நிர்வாகங்களுக்கு: புதிய தொழிலாளிக்குச் சம்பளக் கணக்குத் திறக்கும்போது அடிப்படைச் சேமிப்புக் கணக்கையே கேட்டுத் திறந்து கொடுங்கள். ஆபீசுக்கு வரும் வங்கிக் கடிதங்களைப் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுங்கள். உங்களுக்கு இதில் ஒரு காசு செலவில்லை.

வங்கிகளுக்கு: தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் பகுதிகளில் உங்கள் கவுண்டருக்கு வருபவர்களில் பலர் தோட்டத்து ஆட்கள். அவர்கள் கேள்வி கேட்கத் தயங்குவது சம்மதத்தினால் அல்ல, கூச்சத்தினால். அவர்களுக்குத் தகுந்த கணக்கு எது என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

சங்கக் கிளைகளுக்கு: மூன்று மாதத்துக்கு ஒரு மாலை, கோயில் மண்டபத்திலோ மாட்டுக்கொட்டகைத் திண்ணையிலோ உட்கார்ந்து கணக்கு அறிக்கைகளைச் சேர்ந்து படியுங்கள். சம்பள உயர்வுக்குப் போராடுவது சங்கத்தின் வேலை. வாங்கிய சம்பளம் ஒழுகிப் போகாமல் பார்ப்பதும் சங்கத்தின் வேலைதான்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் பெரியவர்கள். நாம் ஆற்றில் போடவில்லை. வியர்வையோடு வங்கியில் போடுகிறோம். அளக்காமல் விடலாமா?

அந்த அக்காவின் கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்றினோம். 10 வெள்ளி திரும்பி வந்தது. வங்கியிலிருந்து வெளியே வந்ததும் அந்தப் பத்து வெள்ளியைச் சொந்த வங்கி இயந்திரத்திலேயே எடுத்து, மகன் கையில் கொடுத்தார். "இது ஒனக்குடா" என்றார். அவன் வாங்கிக்கொண்டான். ஆனால் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

தோழர்களே, வெள்ளியைத் திரும்பக் கேட்கலாம். வீட்டுக்குள் போட்ட சந்தேகத்தை எந்த கவுண்டரில் போய்த் திரும்பக் கேட்பது? காசு குறைந்தால் முதலில் பிள்ளையைக் கேட்காதீர்கள். கணக்கைக் கேளுங்கள்.